மாஸ்டர் வாங்கிய மாடு

எங்கள் வீட்டுக் கொட்டகையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாடு நிற்கிறது. ட்ரம்பெட் சத்தம் கேட்டால்தான் அது பாலை விடும். செல்போனில் பாட்டைப் போட்டு ஆணியில் தொங்கவிட்டுவிட்டு என் மனைவி செம்போடு உட்காருவாள். பாட்டின் நடுவில் டிரம்ஸ்காரர் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று வரும். அதற்கு முன்பே செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். அந்த இடத்தில் மாடு உதைக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்க்கும்போது, வைக்கோல் எடுக்கப் போவதுபோல நான் பின்பக்கம் போய்விடுவேன்.

மாட்டுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர் மாஸ்டர். அவருக்கு ஒரு பெயர் வாக்காளர் அட்டையில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பரோட்டா மாஸ்டரா, டெய்லர் மாஸ்டரா என்று கேட்கிற வெளியூர்க்காரர்களிடம் எங்கள் ஊர்க்காரர்கள், "அதெல்லாம் இல்லீங்க, இவரு ஆட்ற மாஸ்டரு" என்பார்கள். கேட்டவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார்.

அவர் கற்றுக்கொடுத்த ஆட்டத்துக்கு ஸ்விங் என்று பெயர். அந்த ஆட்டத்துக்கான பாட்டு ஜாஸ். கம்பைநல்லூர்ப் பக்கத்தில் இந்த இரண்டு சொல்லையும் முதலில் கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். கேட்ட இடம் மாட்டுச் சந்தை.

நான் மாட்டுத் தரகன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேச்சு வராதவனுக்குத் தரகு எப்படிச் சரிப்படும் என்று கேட்கலாம். சரிப்பட்டதே அதனால்தான். எங்கள் சந்தையில் மாட்டின் விலையை வாயால் சொல்வதில்லை. தரகனும் வாங்குகிறவரும் கை கொடுத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலைச் சேர்த்துப் பிடிக்கிறோம் என்பதுதான் விலை. கட்டாது என்றால் அவர் கையை உதறுவார். சம்மதம் என்றால் பதிலுக்கு ஓர் அழுத்து அழுத்துவார். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். துண்டுக்கு வெளியே நான் ஊமை. துண்டுக்குள்ளே என்னைவிட வாயாடி அந்தச் சந்தையில் கிடையாது.

மாஸ்டர் தன் மனைவியோடு மாடு வாங்க வந்தார். அந்த அம்மா எங்கள் ஊரில் பிறந்தவர். எனக்கு அக்கா முறை. மாஸ்டர் பாதி வாழ்நாளைப் பெங்களூரில் கழித்துவிட்டு, கொரோனாவில் பிழைப்புப் போனபிறகு மனைவி ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். ஒல்லியாக, நெட்டையாக, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். காலில் மட்டும் கறுப்பும் வெள்ளையும் கலந்த தோல் ஷூ, பளபளவென்று. சந்தை முழுக்கச் சாணியும் சேறுமாகக் கிடந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு சாணிக்கும் ஒரு சின்னத் திருப்பம் போட்டு, ஷூவில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் என்னிடம் வந்து சேர்ந்தார்.

அக்கா ஒரு செவலை மாட்டைப் பார்த்து வைத்திருந்தார். சாதுவான மாடு, நல்ல மடி. மாஸ்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒரு கறுப்பு வெள்ளை மாட்டின் முன்னால் நின்றுகொண்டு அதையும் தன் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதாங்க" என்றார்.

"ஏங்க, அது கண்ணைப் பாருங்க. ஒதைக்கிற கண்ணு" என்றார் அக்கா.

"ஒதைக்கட்டுமே. கால்ல உசுரு இருக்குதுன்னு அர்த்தம்."

மாட்டுக்காரர் தன் விலையை என் கையில் சொன்னார். கொஞ்சம் கூடுதலான விலைதான். முதலில் சொல்கிற விலை எப்போதும் அப்படித்தான் இருக்கும். வாங்குகிறவர் கையை உதற வேண்டும், முகத்தைச் சுளிக்க வேண்டும், நாலு எட்டு நடந்து போக வேண்டும், நான் பின்னாலேயே போய்க் கூட்டிவர வேண்டும். அதுதான் முறை.

மாஸ்டரின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டேன். விரல்களைச் சேர்த்துப் பிடித்து விலையைச் சொன்னேன். உதறுவார் என்று காத்திருந்தேன். உதறவில்லை. நான் எவ்வளவு அழுத்தினேனோ அதே அளவு, ஓர் இழை கூடவும் இல்லை குறையவும் இல்லை, திருப்பி அழுத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாமல் செய்துவிட்டாரோ என்று இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் அதே பதில். கண்ணை வேறு மூடிக்கொண்டிருந்தார்.

முதலில் சொன்ன விலைக்கு மாடு வாங்கிய ஓர் ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

துண்டை எடுத்ததும் அவர் என் கையை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குரு, இந்தக் கையை எங்க கத்துக்கிட்டீங்க?"

பெங்களூர்ப் பழக்கம், அவருக்கு எல்லாரும் குருதான். கற்றுக்கொள்ள வருகிறவர்களையும் குரு என்றே கூப்பிடுவார்.

"எதைங்க?" என்றேன்.

"நீங்க புடிக்கல குரு, காது குடுத்துக் கேட்டீங்க. நான் வந்தா வந்தீங்க, நான் நின்னா நின்னீங்க. இதைக் கத்துக்குடுக்கறதுக்கு எனக்கு அங்க மாசக்கணக்குல ஆவும். அவனவன் செத்த மீனு மாதிரி கையை நீட்டுவான். நீங்க ஸ்விங்குக்குப் பொறந்தவரு."

அக்கா நடுவில் புகுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். வெல என்னாச்சு?"

"வெலயா?" என்றார் மாஸ்டர். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். அக்கா தண்ணீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல சொன்ன வெலைக்கேவா? கையை உதறலையா நீங்க?"

"அவ்ளோ அழகா கூட்டிக்கிட்டுப் போற கையை எப்படி உதறது? அது மரியாதை இல்ல."

கொடுத்த கை கொடுத்ததுதான், சந்தையில் அதற்கு மறுபேச்சில்லை. மாட்டுக்காரர் எங்கள் எல்லாருக்கும் டீ சொன்னார். தன் டீயைக் குடிக்காமலேயே கிளம்பிப் போய்விட்டார். யாராவது மனசு மாறிவிடுவார்களோ என்ற பயம்.

மாட்டை ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நானும் போனேன். அக்கா வழி முழுக்க மாட்டிடம் பேசிக்கொண்டு வந்தார். "ஆட்டத்துல மாடு வாங்குன மனுசன இப்பதான் பாக்கறேன். நீயாச்சும் ஒழுங்கா இருடி கண்ணு." வீட்டை அடைந்ததும் மாடு முதல் வேலையாகத் தவிட்டு வாளியை உதைத்தது.

அந்த வீட்டு முன் கூரையைத் தாங்க ஓர் இரும்புக் குழாய்த் தூண் நட்டிருந்தது. இடுப்புயரத்தில் அதில் ஒரு கயிறு கட்டி, கயிற்று முனையில் கைப்பிடிபோல ஒரு குச்சி. கன்றுக்குட்டி கட்டுவதற்கு என்று நினைத்தேன்.

"அது என் ஜோடி" என்றார் மாஸ்டர்.

ஸ்விங் தனியாக ஆட முடியாத ஆட்டம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இருவரும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அந்த இழுப்பிலேயே போவதும் வருவதுமாக ஆட வேண்டும். ஜோடி இல்லாத நாட்களில் அவர் தூணோடு ஆடினார். எனக்கு ஆடிக்காட்டினார். பின்னால் ஓர் அடி, திரும்ப முன்னால் விழுகிற ஓர் அடி, பிறகு இந்தப் பக்கம் குட்டியாக மூன்று, அந்தப் பக்கம் குட்டியாக மூன்று. தூண் ஆடவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துபோனது.

"அக்கா ஆடமாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் அக்காவே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்: "நாலு பேரு பாக்க இவரு கையைப் புடிச்சிக்கிட்டுச் சுத்தறதுக்கு நான் என்னா ராட்டினமா? தூணோடயே ஆடட்டும் தம்பி. தூணுக்கு வெக்கம் கெடயாது."

பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். "நான் இங்க புள்ளைய வெச்சிக்கிட்டுச் சாணி அள்ளிக்கிட்டுக் கெடந்தப்ப, இவரு அங்க ஊரு பொம்பளைங்க கையைப் புடிச்சிச் சுத்திக்கிட்டிருந்தாரு. பெங்களூர்ல பாதிப் பேரு கை இவரு கையில இருந்ததுதான். மிச்சக் கை எனக்கு எதுக்கு?"

மாஸ்டர் கயிற்றைச் சுற்றித் தூணில் மாட்டினார். என்னைத் தெரு வரைக்கும் கொண்டுவந்து விட்டபோது சொன்னார்: "யார் யார் பொண்டாட்டியையோ அவங்கவங்க புருசன் கூட ஆட வெச்சிட்டேன் குரு. கண்ணாலம் ஆயி இத்தினி வருசத்துல என் பொண்டாட்டி கூட ஒரு பாட்டு ஆடுனதில்ல. ஒண்ணே ஒண்ணு ஆடிட்டா போதும். அப்பறம் முட்டி போனாலும் போவட்டும்."

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் அந்த ஒரு பாட்டுக்காகத்தான் செய்கிறார் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மாஸ்டர் இளவயதில் பெங்களூரில் ஒரு கிளப்பில் பரிமாறுகிற பேரராக இருந்தாராம். சனிக்கிழமை சாயங்காலம் ஜாஸ் பேண்டு வாசிக்கும். ஆடுகிறவர்களுக்கு நடுவில் டம்ளர் நிறைந்த தட்டோடு போக வேண்டும். எவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று பாட்டைக் கேட்டு முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் தட்டு தப்பும். அப்படித்தான் ஆட்டம் அவர் காலுக்குள் வந்தது. பின்னால் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் போனார். அந்தப் பழக்கத்தில், ஆடும்போது அவருடைய இடது கை மட்டும் தட்டு ஏந்தியதுபோல விரிந்தே இருக்கும்.

டவுன் பஸ்ஸில் அவரோடு போவதற்கு எனக்குப் பயம். நல்லம்பள்ளிக்கு ஒரு மாடு பார்க்கப் போகும்போது கூடவே வந்தார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. மாஸ்டர் கம்பியைப் பிடிக்காமல் நடுவில் நின்றார்.

"யோவ், கம்பியைப் புடிய்யா!" என்று கண்டக்டர் கத்தினார்.

"கம்பியைப் புடிச்சிக்கிட்டா பஸ் என்னா சொல்லுதுன்னு நமக்குத் தெரியாதுங்க" என்றார் மாஸ்டர்.

டிரைவர் எதற்கோ பிரேக் போட்டார். கம்பியைப் பிடித்திருந்த நாங்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். மாஸ்டர் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று குட்டி அடி வைத்து முன்பக்கம் போய், கியர் பெட்டிக்குப் பக்கத்தில் பூப்போல நின்றார். நின்றவர் டிரைவரின் தோளைத் தட்டி, "நல்லா கூட்டிக்கிட்டுப் போறீங்க" என்றார். டிரைவருக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லைபோல. நல்லம்பள்ளி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எனக்குத்தான் உயிர் போனது.

ஜாஸை எனக்குப் புரியவைக்க மாஸ்டர் ரொம்பப் பாடுபட்டார். அவரிடம் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது, சுரைக்காய் அளவில். அதை மாட்டுக் கொட்டகையில் வைத்துப் போடுவார். முதல் நாள் பாட்டு முடிந்ததும் நான் கீழே கிடந்த வைக்கோலைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

"எப்படி இருக்குது? கூச்சப்படாம சொல்லுங்க குரு."

"பாட்டு நொண்டுதுங்க" என்றேன்.

எனக்குத் தெரிந்தது நடைதான். நல்ல மாடு நான்கு காலையும் ஒரே கணக்கில் வைக்கும். இந்தப் பாட்டில் ஓர் அடி நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் விழுந்தது, பின்னங்காலில் முள் ஏறிய மாடு வேகமாக ஓடுவதுபோல. இப்படி ஒரு மாட்டை நான் யார் தலையிலும் கட்டமாட்டேன்.

மாஸ்டர் எழுந்துவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்த நொண்டல்தான் குரு ஸ்விங்கு! அது நொண்டலன்னா அது பேண்டு வாத்தியம்!"

பிறகு பழகப் பழக எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒருவர் தனியாகக் கிளம்பி, அதே பாட்டைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பேசுவார். அவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருப்பார்கள், பிறகு அடுத்தவர் ஆரம்பிப்பார். ஒரே மாட்டுக்கு நாலு தரகர்கள் பேசுவது மாதிரிதான். ஒருவன் மடியைப் புகழ்வான், ஒருவன் கொம்பைப் பழிப்பான், கடைசியில் எல்லாரும் ஒரே விலையில் வந்து நிற்பார்கள். இதை மாஸ்டரிடம் சொன்னேன். அன்றிலிருந்து ட்ரம்பெட் வந்தால், "இந்தாளு மாட்டுக்காரரு, வெலயை ஏத்தறாரு பாருங்க" என்பார். அடியில் மெதுவாக ஒலிக்கிற பெரிய தந்திவாத்தியம் வந்தால், "இது நீங்க குரு. பேசவே மாட்டீங்க, ஆனா நீங்க இல்லன்னா எவனும் நடக்கமுடியாது" என்பார். எனக்குக் காது சூடாகிவிடும்.

மாடு அந்தக் காலத்தில்தான் கெட்டுப்போனது. ஸ்பீக்கர் இல்லாத நாளில் பாலை விடாமல் மேலே ஏற்றி வைத்துக்கொண்டது. அக்கா அதன் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "நீயும் அவரு கட்சியா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வகுப்பு. டிராக்டர்காரர் ஒருவருடைய கடலைக்காய் காயவைக்கிற சிமெண்ட் களம் அக்கா வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. மாஸ்டர் அதைப் பெருக்கி, கால் வழுக்கிச் சுழல்வதற்காகக் கேரம் போர்டு பவுடரைத் தூவினார். முதல் வகுப்பிலேயே இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வழுக்கி விழுந்தார். எங்கள் எல்லாருக்கும் பாலிசி போட்டுக்கொடுத்தவர், தனக்கு மட்டும் எடுத்திருக்கவில்லை.

என்னைக் கேட்டால் நான் போயிருக்கவே மாட்டேன். ஆனால் சந்தையில் என் கையைப் பற்றி மாஸ்டர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தரகர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். டிராக்டர்காரர் வந்தார். ஊரில் பேச்சுக் கிளம்பாமல் இருக்காதே. பெரியவர் ஒருவர் வந்து களத்து ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது எந்தச் சாமிக்கு ஆட்ற ஆட்டம்?"

"சாமிக்கு இல்லீங்க. காலுக்கு" என்றார் மாஸ்டர்.

பெரியவருக்கு அது பிடிபடவில்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டே காப்பாற்றினார்: "சக்கரைக்கு நல்லதுங்க ஐயா."

அவ்வளவுதான். அடுத்த வாரம் சர்க்கரை உள்ளவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆணும் ஆணுமாகக் கைகோத்து ஆடினோம். பெங்களூரில் இப்படி ஆடினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று மாஸ்டர் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு ஆம்பிளைகள் கையைப் பிடித்துக்கொண்டு போவதில் என்ன இருக்கிறது? சந்தைக்கும் சினிமாவுக்கும் அப்படித்தான் போகிறோம்.

மாஸ்டர் அவசரப்பட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அடுத்த வாரம் எல்லாரும் வூட்ல அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, புருசன் பொண்டாட்டி சேந்து ஆடலாம்" என்றார். அடுத்த வாரம் களத்தில் மாஸ்டரும் ஸ்பீக்கரும் மட்டும்தான் இருந்தார்கள். அதற்கடுத்த வாரம் வீடு வீடாகப் போய், அப்படிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டபிறகு கூட்டம் சேர்ந்தது. பெண்கள் வந்தார்கள், ஆனால் களத்துச் சுற்றுச்சுவருக்கு அந்தப்பக்கம். என் மனைவியும் அதில் ஒருத்தி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஆடக் கற்றுக்கொண்டேன்.

அக்கா மட்டும் சுவருக்கும் வரமாட்டார். எதிரில் தன் வாசலில் உட்கார்ந்து தட்டு வெட்டிக்கொண்டிருப்பார், அதாவது சோளத்தட்டை மாட்டுக்கு அரிவாளால் நறுக்குவது. எங்கள் பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்கமாட்டார். ஆனால் திடீரென்று குரல் வரும்:

"வெள்ளைச் சட்டைத் தம்பி காலு முந்துது!"

டிராக்டர்காரர் வெள்ளைச் சட்டைதான் போட்டிருப்பார், காலும் முந்தித்தான் இருக்கும். இன்னொரு நாள், "அந்தாளு இடுப்புல என்னா கடப்பாரையா கட்டிக்கிட்டிருக்காரு?" என்றார். ஏஜென்ட் பாவம், விழுந்த இடுப்புக்குப் பெல்ட் கட்டியிருந்தார்.

மாஸ்டர் என் காதில் மெதுவாகச் சொன்னார்: "அரிவாளைக் கேளுங்க குரு."

கேட்டேன். ஒரு வெட்டு நீளம், ஒரு வெட்டுக் குட்டை. தட்டு நொண்டி நொண்டி விழுந்துகொண்டிருந்தது.

"எல்லாம் அவளுக்குள்ள இருக்குது" என்றார் மாஸ்டர். "கை மட்டும் வரமாட்டேங்குது."

மறுநாள் தூணில் கட்டியது போக மிச்சமிருந்த கயிற்று முனையில் இன்னொரு குச்சியைக் கட்டிவைத்தார். என்றைக்காவது அக்கா எடுப்பார் என்று. அக்கா எடுத்தார். கயிற்றோடு சேர்த்து அவிழ்த்துக் கிணற்று வாளிக்குக் கட்டிவிட்டார்.

ஓசூரில் இருந்த அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பொங்கல் முடிந்ததும் இரண்டு பேரும் அங்கேயே வந்து இருந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாடி வீடாம், மூன்றாவது மாடி. அங்கே ஆட இடமில்லை, கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மாஸ்டர் விசாரித்து வைத்திருந்தார். மாட்டுக்கும் இடமில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் அன்று லுங்கியை விட்டுவிட்டுப் பேண்டும் அதைத் தோளில் தாங்குகிற பட்டை வாரும் போட்டு வந்திருந்தார். சிரிக்கவைக்கப் பார்த்தார், ஆனால் அவர் கண் எதிர்வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு பாட்டு இனிமேல் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மாட்டை நான் வாங்கிக்கொள்வதாக இருந்தது. உதைக்கிறது, ட்ரம்பெட் கேட்கிறது, இதையெல்லாம் தெரிந்துகொண்டு வேறு யார் வாங்குவார்கள்? அக்கா மாட்டைப் பிடித்துக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டார். மாட்டை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவதாக எண்ணம். விலையில்தான் தகராறு வந்தது.

"சங்கீதம் கேட்டு வளந்த மாடு" என்றார் மாஸ்டர். "வாங்குன வெலைக்கு மேல கொஞ்சம் சொல்லணும்."

"வாங்குன வெலையைப் பத்தி நீங்க பேசாதீங்க!" என்றார் அக்கா. "ஒதைக்கிற மாட்டுக்குத் தம்பிகிட்ட அவ்ளோ கேட்டா பாவம். பாதிக்குக் குடுத்துடலாம்."

"பாதியா? கலைக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

"கலையை வாளியில புடிச்சிப் பால் சொசைட்டில ஊத்துங்க பாக்கலாம்."

விற்கிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் ஏற்றுகிறார், ஒருவர் இறக்குகிறார். இப்படி ஒரு வியாபாரம் எங்கேயும் நடந்திருக்காது. சுவருக்கு அந்தப்பக்கம் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஒன்று முடிந்தது.

"தம்பி, நீயே ஒரு வெல சொல்லு" என்று அக்கா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாங்குகிறவனே தரகனாக இருக்கவும் முடியாது. வேறென்ன செய்வதென்று தெரியாமல் தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

"வாயில பேசுனா சண்டைதாங்கக்கா வரும்" என்றேன். "ரெண்டு பேரும் துண்டு போட்டுப் பேசிக்குங்க. அப்பறம் எங்கிட்ட ஒரு வெலையாச் சொல்லுங்க."

அக்காவின் அப்பாவும் சந்தைக்காரர்தான். விரல் கணக்கு அவருக்குத் தெரியும். "அதுவும் சரிதான்" என்று கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினார். மாஸ்டர் தன் கையைக் கொடுத்தார். நான் மேலே துண்டைப் போட்டு மூடினேன். மாட்டுக் கயிறு என் கையில்.

புருசனும் பொண்டாட்டியும் ஊர் நடுவில் கை கோத்து நிற்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. விலை பேசுகிறவர்களைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

ஸ்பீக்கரில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மாஸ்டர் தன் விலையைச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா கையை வெடுக்கென்று உதறினார். மாஸ்டர் விடவில்லை, அந்த உதறலோடு போய், ஓர் அடி வைத்துத் திரும்பி வந்தார். அக்கா தன் விலையைச் சொன்னார்போல. இந்தத் தடவை மாஸ்டர் பின்வாங்கினார். அக்கா விடவில்லை. இருவரும் எதிரெதிராகச் சாய்ந்தார்கள். துண்டு விறைத்தது, தளர்ந்தது. மறுபடி விறைத்தது. எனக்குக் கால்களைப் பார்ப்பதுதான் தொழில். அக்காவின் வெறுங்கால் ஒரு தடவை நீளமாகவும் ஒரு தடவை குட்டையாகவும் விழ ஆரம்பித்திருந்தது.

விலை கட்டாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுபோல அக்கா திரும்பினார். மாஸ்டர் துண்டோடு சேர்த்துக் கையைத் தூக்கினார். அக்கா அதன் அடியில் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இந்தப்பக்கம் வந்து நின்றார். நின்ற இடத்தில் குட்டியாக மூன்று அடி. மாஸ்டரின் இடது கை தட்டு ஏந்த மறந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய்..." என்று ஏஜென்ட் வாயைத் திறந்தார்.

"வெல பேசறாங்க, சும்மா இருய்யா" என்று டிராக்டர்காரர் அவர் காலை மிதித்தார்.

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கிழவி, "அந்த மாட்டுக்கு என்னாடி அவ்ளோ நேரம் பேசறாங்க?" என்று கேட்டாள். என் மனைவி, "நல்ல மாடு ஆயா" என்றாள். அவள் முந்தானை வாயில் இல்லை.

டிரம்ஸ்காரர் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. மாடு உதைத்தது. என் முழங்காலில்தான் பட்டது. நான் கயிற்றை விடவில்லை, சத்தமும் போடவில்லை.

பாட்டு முடிந்தது. களத்தில் கேரம் பவுடர் புகைபோல எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. துண்டு இன்னும் இரண்டு கைகளின் மேலேயே கிடந்தது. கையை எடுக்காதவரை பேச்சு முடியவில்லை என்பது சந்தை முறை. வாங்குகிறவன் நான், நான்தான் கேட்க வேண்டும். அத்தனை பேர் முன்னால், என் வாழ்நாளில் முதல்தடவையாகச் சத்தமாகக் கேட்டேன்:

"படிஞ்சுதுங்களாக்கா?"

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க தம்பி, இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கோம். அடுத்த பாட்டைப் போடு."